பார்க்காமலே மருந்து சொல்லாதீங்க

பதிவு நீளம்தான். வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் ஒரு 10 நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கிறது. "டீச்சர், நாய் உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, வாடை தாங்கல, என்ன மருந்து போடலாம்?" நான் விலங்கியல் நடத்தியவள், கால்நடை மருத்துவர் இல்லை. அது தெரிந்தும் உரிமையோடு கேட்கிறீர்கள், சந்தோஷம்தான். ஆனால் "என்ன மருந்து" என்று கேட்கிற யாரும் "என்ன நோய்" என்று கேட்பதில்லையே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடுவீர்களா? நாய்க்கு மட்டும் படத்தை அனுப்பினால் மருந்துப் பெயர் வந்துவிட வேண்டும்.

நம் ஊரில் நாய்த்தோலுக்கு ஒரே ஒரு நோய்தான். அதன் பெயர் சொறி. முடி கொட்டினாலும் சொறி, சிவந்தாலும் சொறி, கறுத்தாலும் சொறி. இந்த ஒரு சொல்லுக்குள்ளே குறைந்தது அஞ்சு வேறு வேறு சங்கதி ஒளிந்துகொண்டிருக்கிறது. தெள்ளுப்பூச்சி, உண்ணிக் கடியால் வரும் ஒவ்வாமை ஒன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலுக்குள் குடியிருப்பது இன்னொன்று; அதிலும் இரண்டு வகை. பாக்டீரியாவால் சீழ்க்கொப்புளம் வருவது வேறு. படர்தாமரை வேறு. நான் இன்று சொல்ல வந்த ஈஸ்ட் தொற்று வேறு. பார்வைக்கு ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சிற்றுண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். படர்தாமரைக்குக் காலம்காலமாகக் கொடுத்து வந்த கிரைசியோஃபல்வின்கூட இந்த ஈஸ்ட்டிடம் பலிக்காது, இரண்டும் பூஞ்சைதான் என்றாலும்.

ஈஸ்ட் என்றதும் பேக்கரி ரொட்டியை நினைக்காதீர்கள். அது வேறு குலம். நாய்த்தோலில் இருப்பதன் பெயர் மலஸீசியா பேக்கிடெர்மாட்டிஸ். தேமல் தெரியுமல்லவா? பொடுகு தெரியுமல்லவா? அவையெல்லாம் இதே மலஸீசியா குடும்பத்தின் வேலை. மலஸே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரை 1889-இல் இந்தக் குடும்பத்துக்கு வைத்தார்கள். பேக்கிடெர்மாட்டிஸ் என்றால் தடித்த தோல்காரன் என்று பொருள்படும். ஏன் அந்தப் பெயர் என்றால், 1925-இல் இதை முதலில் பிரித்தெடுத்து விவரித்தது நாயிடமிருந்து அல்ல, அமெரிக்காவில் கூண்டில் இருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் செதில் உதிரும் தோலிலிருந்து! அசாம் காட்டு ஜாதி காண்டாமிருகம் நம் வீட்டு டாமிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது பாருங்கள். இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட விழித்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஈஸ்ட் எங்கிருந்தோ வந்து தொற்றுகிற கிருமி இல்லை. ஆரோக்கியமான நாயின் காதிலும், உதட்டோரத்திலும், விரல் இடுக்கிலும் அது எப்போதும் கொஞ்சம் இருக்கும். தோல் விடுகிற எண்ணெயைத் தின்று அதுபாட்டுக்குக் காலம் தள்ளும். தோலின் காவல் தளரும்போதுதான் பெருகும். காவல் ஏன் தளர்கிறது? தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாத உடம்பு, தெள்ளுப்பூச்சிக் கடி, சாப்பாட்டு ஒவ்வாமை, தைராய்டு குறைவு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, தோல்மடிப்பில் காயாத ஈரம், மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டு. இதில் ஏதோ ஒன்று பின்னால் நின்றுகொண்டிருக்கும். பின்னால் நிற்பவனை விட்டுவிட்டு ஈஸ்ட்டை மட்டும் அடித்தால், மருந்தை நிறுத்திய மூன்றாவது வாரம் மறுபடி அதே வாடை. "நாலு தடவை வைத்தியம் பாத்தாச்சு டீச்சர், திரும்பத் திரும்ப வருது" என்று சொல்கிறீர்களே, நாலு தடவையும் யாரையோ விட்டுவிட்டு யாரையோ அடித்திருக்கிறீர்கள்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் வாடை. காறிப்போன எண்ணெய் வாடை, குளிப்பாட்டிய மறுநாளே திரும்ப வரும். கை வைத்தால் பிசுபிசுப்பு. கழுத்தின் அடிப்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, காது, விரல் இடுக்கு இங்கெல்லாம் சிவப்பு. நகத்தின் அடியில் துரு ஏறியது மாதிரி ஒரு பழுப்புக் கறை. ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். காதுக்குள் பழுப்பு மெழுகு. கவனிக்காமல் விட்டால் தோல் தடித்து, கறுத்து, யானைத்தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகிவிடும். அந்த நிலைக்கு வந்த நாய் எப்படி அவதிப்படும் என்று, உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து தூக்கம் கெட்டவர்கள் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் இத்தனை அடையாளம் சொன்ன பிறகும் சொல்கிறேன், இதை வைத்து நீங்களும் முடிவு செய்யாதீர்கள், நானும் செய்ய மாட்டேன். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. வெறும் செலோடேப்! தெளிவான டேப்பை அந்தத் தோலில் நாலைந்து தடவை ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நடுவில் இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை மாதிரி செல்கள் தெரியும். காது என்றால் பஞ்சுக்குச்சியில் எடுத்து கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பார்கள். நாய்க்கு வலி இல்லை, ஊசி இல்லை, சில நிமிஷங்களில் முடிந்துவிடும். பாக்டீரியா சேர்ந்து இருக்கிறதா என்பதும் அதே தகட்டில் தெரிந்துவிடும். பிளஸ் டூவில் வெங்காயத்தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தீர்களே, அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் மாதக்கணக்கில் மருந்து வாங்குகிறோமே, இதற்கு என்ன நியாயம்?

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறவுக்காரப் பிள்ளை ஒருவன் தன் நாயின் வயிற்றைப் படம் எடுத்துப் போட்டான். ஒரு மணி நேரத்தில் 23 வைத்தியம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். நாயை நேரில் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை, பொங்கலுக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். ஆனால் வைத்தியங்களைச் சொல்லியே தீருவேன்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவு என்று ஒருவர். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவும் ஏறும், நாய் நக்கும்போது வயிற்றுக்கும் போகும், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். டீ ட்ரீ ஆயில் என்று ஒன்றை வெளிநாட்டிலிருந்து ஒரு பேத்தி பரிந்துரைத்தாள். இயற்கையானது பெரியம்மா, ஒன்றும் செய்யாது என்றாள். எட்டிக்கொட்டையும் இயற்கையானதுதான் கண்ணு. அந்த எண்ணெய் நாய்க்குத் தள்ளாட்டம், நடுக்கம் எல்லாம் கொண்டுவரும். சரி, கற்பூரம் இல்லாமல் வெறும் எண்ணெய் தடவலாமா என்று அடுத்த கேள்வி. இந்த ஈஸ்ட்டின் சாப்பாடே கொழுப்புதான் என்று மேலே சொன்னேன். இதன் கூடப்பிறந்த வகைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டுமென்றால் வளர்ப்புத் தட்டில் ஆலிவ் எண்ணெய் ஊற்றித்தான் வளர்ப்பார்கள். பிசுபிசுப்பாக இருக்கிற தோலில் இன்னும் ஒரு கை எண்ணெய் தடவுகிறவர் யாருக்கு விருந்து வைக்கிறார் என்று யோசியுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலைப் பூசச் சொன்னவரும் உண்டு. எங்கள் தெருவில் என் சின்ன வயசில் பூசுவார்கள், பார்த்திருக்கிறேன். கழிவு ஆயிலில் உலோகத்தூளும் எரிந்த ரசாயனமும் கிடக்கிறது. அது தோலை எரிக்கும், நக்கினால் ஈரலைக் கெடுக்கும். "அந்தக் காலத்துல நல்லாப் போச்சே" என்பார்கள். நல்லாப் போன நாய்கள் கண்ணில் பட்டன. எங்கேயோ வேலியோரம் போய்ச் செத்த நாய்களை யார் கணக்கு எடுத்தார்கள்?

எல்லாவற்றையும்விட எனக்குச் சிரிப்பு வந்தது, "இட்லி போடாதே, மாவுல ஈஸ்ட் இருக்கு" என்ற அறிவுரைதான். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் மாதிரியான பாக்டீரியாக்களுக்கு. அதில் ஈஸ்ட் இருந்தாலும் தோலில் இருக்கும் மலஸீசியாவுக்கும் அதற்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. இதே ரகம்தான், அரிசியும் சர்க்கரையும் கொடுத்தால் தோலில் ஈஸ்ட் வளரும் என்பதும். சாப்பிட்ட மாவுச்சத்து நேராகத் தோலுக்கு வழிந்து வருவதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள இன்சுலின் இருக்கிறது. "ஈஸ்ட் இல்லாத உணவு" என்று பை பையாக விற்பவர்களுக்கு நம் பயம்தான் முதலீடு. நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம், அது வேறு பேச்சு. அதைக் கண்டுபிடிக்க, அதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கண்டிப்பாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் அந்தச் சோதனை கெட்டுவிடும். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் எட்டு வாரம் பிஸ்கட் போடாமல் நாயைக் காப்பாற்றுவதுதான் இதில் உண்மையான கஷ்டம்.

அடுத்து மருந்துக்கடை. மனிதர்களுக்கான மூன்று-மருந்துக் கலவைக் களிம்பு: கொஞ்சம் ஸ்டீராய்டு, கொஞ்சம் ஆன்டிபயாடிக், கொஞ்சம் பூஞ்சைக்கொல்லி. "எதுக்குன்னாலும் கேக்கும்" என்று கடைப்பையன் கொடுப்பான். முதல் நாலு நாள் அரிப்பு நின்றுவிடும், உள்ளுக்குள் நோய் பரவும். இதை நான் நாயை வைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் ஊர்ப் படர்தாமரையைப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன் இரண்டு மூன்று வாரக் களிம்பில் போனது, இன்று ஆறு மாசம் ஆனாலும் போகவில்லை என்று தோல் மருத்துவர்கள் தலையில் கை வைத்திருக்கிறார்கள். சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு வகைக்கு இந்தியாவின் பெயரையே வைத்து இண்டோட்டினியே என்று கூப்பிடும் நிலைமை வந்துவிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை இஷ்டத்துக்குப் பூசியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். நமக்கு நாமே செய்துகொண்டதை வாயில்லாத ஜீவனுக்கும் செய்ய வேண்டுமா? போதாததற்கு, நாய் அந்தக் களிம்பை நக்கி விழுங்கவும் செய்யும்.

ஊசி விஷயமும் இதே. "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், சரியாயிடும்" என்று நாமே கேட்கிறோம். ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமை உள்ள நாய்க்கு, என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, அளவாக, கண்காணிப்போடு கொடுக்கும்போது அது நல்ல மருந்து. நான் சொல்வது தோலைச் சுரண்டியும் பார்க்காமல், டேப்பும் ஒற்றாமல், மாசத்துக்கு ஒன்று என்று போடுகிற நீண்டநாள் ஊசியைப் பற்றி. சிற்றுண்ணிச் சொறியாக இருந்தால் அந்த ஊசியால் நோய் காட்டுத்தீ மாதிரி பரவும். ஈஸ்ட்டாக இருந்தால் ஒரு வாரம் அமைதி, பிறகு முன்பைவிட மோசம். தண்ணீர் குடித்துக் குடித்து, வீட்டுக்குள் மூத்திரம் போய், வயிறு தொங்கி, முடி மெலிந்து நிற்கிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். "வயசாயிடுச்சு" என்பார்கள் வீட்டுக்காரர்கள். நாய்க்கு ஆறு வயசுதான் ஆகியிருக்கும்.

எல்லா மருத்துவர்களையும் குறை சொல்கிறேன் என்று என் மாணவர்களில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கிராமத்து மருந்தகத்தில் காலையில் 40 மாடு வரிசையில் நிற்கும்போது, ஒரு பொமரேனியனுக்கு மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க நேரம் ஏது என்பது எனக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப்பே இல்லாத இடங்களும் உண்டு. அதனால்தான் கேட்பது நம் பொறுப்பு என்கிறேன். "டேப் வெச்சுப் பாத்துடலாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வசதி இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வேப்பேரியில் 1903-இலிருந்து இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கல்லூரிகள் இருக்கின்றன. பஸ் செலவு ஆகும், ஒரு நாள் லீவு போக வேண்டும். மூன்று மாசமாக வாங்கிய களிம்பு பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தச் செலவைப் பற்றிப் பேசுவோம்.

ஈஸ்ட் என்று உறுதியானால் என்ன செய்வார்கள்? மாயம் ஒன்றும் இல்லை. உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர்கள் 2020-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் வைத்துப் பார்த்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். அதில் வலுவான ஆதாரம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னது, 2% மைகோனசோலும் 2% குளோரெக்சிடினும் சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. அவ்வளவுதான். அது போதாத நாய்களுக்கு இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் மாதிரி மாத்திரை. அது ஈரலோடு விளையாடக்கூடிய மருந்து, மருத்துவர் அளவு சொல்லாமல் ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது. என் பக்கத்து வீட்டில் நல்ல ஷாம்புவையே வாங்கி வைத்துக்கொண்டு, "பலிக்கல அக்கா" என்றார்கள். குளிப்பாட்டுவதை நின்று பார்த்தேன். தடவிய உடனே வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள்! நுரை 10 நிமிஷம் தோலில் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிஷம். அதற்குப் பிறகு அலசி, விரல் இடுக்கு, அக்குள், வயிற்று மடிப்பு எல்லாம் ஈரம் போகத் துவட்ட வேண்டும். நம் தலைக்குப் போடுகிற சிகைக்காயும் சோப்பும் இதற்கு ஆகாது. காது என்றால் இன்னும் கவனம். செவிப்பறை ஓட்டையாகி இருக்கிறதா என்று உள்ளே பார்க்காமல் கண்ட சொட்டுமருந்தை விட்டால் நாய் செவிடாகலாம். வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் காதுக்குள் ஊற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஒன்று சொன்னால் இன்னொருவருக்குக் கோபம் வரும், வரட்டும். செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னால் பக் நாய் ஓடியது 2003-இல். அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு பக். இப்போது ஷிட்சு. காக்கர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட், ஷிட்சு மாதிரி ஜாதிகளுக்கு இந்தத் தொல்லை மற்றவற்றைவிட அதிகம் வரும் என்பது தெரிந்த விஷயம். நீளக்காது, அடர்ந்த முடி, மடிப்புத்தோல். அதைக் கொண்டுவந்து நம் புழுக்கத்தில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை சீவிவிடக்கூட நேரம் இல்லை என்கிறோம். சிப்பிப்பாறைக்கும் தெருநாய்க்கும் இது வரவே வராது என்று சொல்லவில்லை, வரும். ஆனால் பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வாங்கித் தரும் அப்பாக்கள், வாங்கும் முன் அதன் காதைத் தூக்கி மோந்து பாருங்கள்.

கடைசியாக, இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். இந்த மாதத்தில் மட்டும் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள், "நாயை எங்கயாவது விட்டுடலாமா?" என்று. ஒருவர் வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். வாடையும் சொறியும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். பயம் நியாயமானது, பதில் சொல்கிறேன். சிற்றுண்ணிச் சொறியில் ஒரு வகையும் படர்தாமரையும் மனிதர்களுக்கு வரும். அதனால்தான் எது என்று பார்க்கச் சொல்லி இத்தனை நேரம் கத்துகிறேன். ஈஸ்ட் பொதுவாக வீட்டில் இருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் இது பரவியதுண்டு, 1998-இல் பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டில் நாய் வைத்திருந்த ஊழியர்களின் கை வழியாக வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதற்கு அவர்கள் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? ஒழுங்காகக் கை கழுவினார்கள், நின்றுவிட்டது. நாயைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள் மருமகளை. நாய்க்கு வைத்தியம் பாருங்கள்.

இன்னொருவர் காரணமே சொல்லவில்லை, "விருந்தாளி வந்தா மூக்கைப் பிடிக்கிறாங்க" என்றார். ஒன்பது வருஷமாக அந்த வீட்டு வாசலில் படுத்த நாய். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவருக்குச் சொன்னேன். சட்டத்துக்காக வேண்டாம். புறவழிச்சாலையில் இறக்கிவிட்ட நாய், வண்டி போன திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்த நாய் மேலும் வாடை அடித்திருக்கும், எவரோ ஒருவர் வீட்டிலும் ஒரு டேப்பை ஒற்றிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

பின்னூட்டத்தில் வைத்தியம் எழுதுகிறவர்களின் பின்னூட்டத்தை நீக்கிவிடுவேன், மாமா மச்சான் என்று பார்க்க மாட்டேன். நாய் படம் அனுப்புகிறவர்கள் மருத்துவர் எழுதிய சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து விளக்குகிறேன். ஒரத்தநாட்டுக்கு நாயைக் கூட்டிப்போக வண்டி இல்லாதவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். என் தம்பி மகனிடம் ஆம்னி வேன் சும்மாதான் நிற்கிறது, பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். வாடையைப் பற்றி அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.